பெஞ்ச் எவ்வளவு அடிக்கிறே?

ஜிம்களின் செல்ல அளவுகோல் எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது?

திங்கட்கிழமை சாயங்காலம் எந்த ஜிம்முக்குப் போனாலும் பெஞ்ச் காலியாக இருக்காது. வாரத்தின் முதல் நாள் ‘செஸ்ட்’ என்பது எழுதப்படாத சட்டம். ஒருவர் படுத்திருப்பார், நாலு பேர் முறை வைத்துக் காத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த பையனைப் பார்த்துப் பழைய ஆள் கேட்கும் முதல் கேள்வியும் அங்கேதான் வரும்: “பெஞ்ச் எவ்வளவு அடிக்கிறே, தம்பி?” அறுபது என்றால் ஒரு பார்வை, நூறு என்றால் வேறு பார்வை. 20 கிலோ கம்பியின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு 20 கிலோ பிளேட் மாட்டி நூறைத் தொடுகிற அன்றைக்குப் பையன் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாமல் தூங்க மாட்டான்.

அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாதக்கணக்கில் உழைத்தவனுக்கு அது நியாயமாகக் கிடைத்தது. ஆனால் அந்த நூறையே அவன் பலத்தின் மொத்தக் கணக்காக எடுத்துக்கொள்கிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முதுகு, தொடை, இடுப்பு, கைப்பிடி எதையும் விசாரிக்காமல் நெஞ்சையும் தோளையும் கையையும் மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிற கணக்கு அது. அதேசமயம், பெஞ்ச் பிரஸ் முழுத் தகுதியோடு பலத்தின் அளவுகோலாக நிற்கிற ஓர் இடமும் உலகத்தில் இருக்கிறது. நம் ஜிம்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

படுத்தபடி நடப்பது

பெஞ்ச் பிரஸ்ஸில் வேலை செய்பவை முக்கியமாக மூன்று: மார்புத் தசை, தோளின் முன்பக்கத் தசை, மேற்கையின் பின்புறம் இருக்கும் டிரைசெப்ஸ். உடம்பின் எடையைப் பலகை தாங்கிக்கொள்கிறது. கால்கள் தரையை ஊன்றி உதவி செய்யும், அவ்வளவுதான். கம்பியைக் கீழிருந்து எடுக்க வேண்டியதில்லை. தாங்கியில் ரெடியாக இருக்கும்.

போட்டியில் இதற்குக் கறாரான முறை உண்டு. தலையும் தோளும் பின்புறமும் பலகையை விட்டு எழக் கூடாது. பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும். நடுவர் ‘ஸ்டார்ட்’ சொன்ன பிறகுதான் கம்பியை இறக்க வேண்டும். நெஞ்சைத் தொட்ட கம்பி அசையாமல் நின்றால்தான் ‘பிரஸ்’ என்ற குரல் வரும். மேலே போய் முழங்கை இரண்டும் நிமிர்ந்து நின்ற பிறகு ‘ராக்’. நெஞ்சின் மேல் நிற்கும் அந்த ஒரு கணம்தான் எல்லாம். இறக்கிய வேகத்தில் கிடைக்கும் துள்ளல் அங்கே செத்துப்போகிறது. அதற்குமேல் சொந்தச் சரக்கு இருந்தால்தான் கம்பி ஏறும்.

நம் ஜிம்களில் அந்தக் கணம் பெரும்பாலும் கிடையாது. கம்பி நெஞ்சில் மோதி எகிறும். பின்புறம் பலகையை விட்டு ஒரு ஜாண் எழும்பும். தலைமாட்டில் நிற்கும் நண்பன் முதல் ரெப்பிலிருந்தே கம்பிக்கு அடியில் கை கொடுத்திருப்பான். “நீயேதான் தூக்குறே, போ போ, ஒண்ணே ஒண்ணு” என்று அவன் கத்தும்போது அவன் முன்கையைப் பாருங்கள். நரம்பு புடைத்திருக்கும், விரல்கள் கம்பியைச் சுற்றி மடங்கியிருக்கும். படுத்திருப்பவன் அன்றைக்கு நூறு தூக்கியதாக நம்புவான். உண்மையில் எழுபதோ எண்பதோதான் அவனுடையது. மறுவாரம் 105 மாட்டுவான். தோள் வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தரையிலிருந்து பலகைக்கு

இந்தப் பலகையே ஒரு காலத்தில் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் என்ற மல்யுத்த வீரர் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, கம்பியை முகத்தின் மேலாக உருட்டி நெஞ்சுக்குக் கொண்டுவந்து, சுமார் 164 கிலோவைத் தூக்கினார். இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டு நகரத்துக்காரர். முழங்கை தரையில் இடிப்பதால் கம்பி முழுதாக இறங்காது. அதனால் அடுத்து வந்தவர்கள் உயரமான பெட்டி, பலகை என்று தேடிப் போனார்கள். வயிற்றின் மேல் கம்பியை வைத்து இடுப்பால் எக்கி எறிவதுகூட அப்போது செல்லுபடியானது.

இன்றைய பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த டக் ஹெப்பர்ன். ஒரு பாதம் வளைந்த நிலையில் பிறந்தவர். அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் அந்தக் கால் மெலிந்தே இருந்தது. அந்த மனிதர்தான் 1950-களின் தொடக்கத்தில் பெஞ்சில் 400 பவுண்டு, 450 பவுண்டு, 500 பவுண்டு என்று ஒவ்வொரு படியையும் உலகில் முதல் ஆளாகத் தாண்டினார். 500 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 227 கிலோ. 1953-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் பளுதூக்கும் போட்டியில் ஹெவிவெயிட் பட்டமும் அவருக்குத்தான். அங்கே தூக்கியதெல்லாம் நின்றபடி.

அந்தக் காலத்தில் பலசாலியை அளந்தது நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் ‘பிரஸ்’. ஒலிம்பிக்கிலும் அது இருந்தது. போகப் போக வீரர்கள் இடுப்பைப் பின்னால் வளைத்து, ஏறக்குறைய படுத்த நிலையிலேயே தூக்க ஆரம்பித்தார்கள். எது சரி, எது தப்பு என்று நடுவர்களால் தீர்மானிக்க முடியவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அந்தத் தூக்கலை எடுத்துவிட்டார்கள். அதே 1972-இல் சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் பிறந்தது. கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் மூன்றையும் கூட்டிப் பலத்தைச் சொன்னது. பெஞ்சைக் கொண்டாடிய விளையாட்டே அதை மட்டும் நம்பவில்லை என்பதை நம் பையன்கள் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வீரர்களுக்கு அந்த மூன்றில் சிறிய எண் பெஞ்ச்தான். மூன்று பாடத்தில் ஒன்றின் மார்க்கை மட்டும் வைத்து ரேங்க் கார்டு எழுதுகிற வேலையைத்தான் நம் ஜிம்கள் செய்கின்றன.

ஏன் பெஞ்ச் மட்டும் தங்கியது என்பதற்கு நம் ஊர்க் காரணங்களும் உண்டு. கண்ணாடியில் முதலில் தெரிவது நெஞ்சு. ஸ்குவாட்டைச் சரியாகக் கற்றுக்கொடுக்க மாஸ்டருக்குப் பொறுமை வேண்டும், பையனுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். அப்புறம், நம் ஜிம்களில் நிறைய முதல் மாடியிலோ மொட்டை மாடி ஷெட்டிலோ இருக்கின்றன. கீழே கடை, கீழே வீடு. டெட்லிஃப்ட் கம்பியைத் தொப்பென்று போட்டால் கட்டட உரிமையாளர் மேலே ஏறி வந்துவிடுவார். பெஞ்ச் சத்தம் போடாது.

எண் ஒன்று, அர்த்தம் பல

சரி, நெஞ்சின் தள்ளும் பலத்தையாவது இந்த எண் துல்லியமாகச் சொல்கிறதா? அங்கேயும் பிடி நழுவுகிறது.

அமெரிக்காவின் ஜூலியஸ் மேடக்ஸ் 2021-இல் தூக்கியது 355 கிலோ. அதே நாட்டின் ஜிம்மி கோல்ப் 2023-இல் தூக்கியது 635 கிலோ. இரண்டாமவர் முதலாமவரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலசாலி என்று அர்த்தமா? இல்லை. கோல்ப் போட்டிருந்தது பெஞ்ச் ஷர்ட். கம்பி இறங்கும்போது இறுகி விறைத்து, ஏறும்போது தள்ளிக் கொடுக்கும் முரட்டுத் துணிச் சட்டை அது. அதைப் போட்டுக்கொண்டு கம்பியை ஒழுங்காக இறக்கவே தனிப் பயிற்சி வேண்டும். அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு விளையாட்டு, அவ்வளவுதான்.

சட்டை இல்லாமலே எண்ணைக் கூட்டவும் வழி இருக்கிறது. முதுகை வில்லாக வளைத்து, கைகளை அகலமாகப் பிடித்தால் கம்பி சில சென்டிமீட்டர் இறங்கினாலே நெஞ்சு வந்துவிடும். சர்வதேச சம்மேளனத்தின் விதிப்படி இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கு நடுவே 81 சென்டிமீட்டர் வரை அகலம் வைக்கலாம். உடம்பு வளைந்து கொடுக்கிற, எடை குறைந்த வீரர்கள் சிலருக்குக் கம்பி நகர்வதே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போனது. அதனால்தான் 2023 ஜனவரி முதல் புதிய விதி வந்தது: கம்பி நெஞ்சைத் தொடும்போது முழங்கையின் அடிப்பக்கம் தோள்மூட்டின் மேல்மட்டத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ இறங்கியிருக்க வேண்டும்.

விதியால் சரிசெய்ய முடியாத ஒன்று, பிறப்போடு வந்த கை நீளம். பீப்பாய் நெஞ்சும் குட்டைக் கையும் உள்ளவருக்குக் கம்பி 30 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். நெடுநெடுவென்று வளர்ந்தவருக்கு 45 ஆகும். இருவரும் நூறு கிலோ தூக்கினால் முதலாமவர் செய்த வேலை 294 ஜூல், இரண்டாமவர் செய்தது 441 ஜூல். ஒன்றரை மடங்கு. ஜிம் நோட்டில் இருவர் பெயருக்கு எதிரேயும் ஒரே 100தான் எழுதியிருக்கும். டெட்லிஃப்ட்டில் நீளக் கைக்காரருக்குச் சாதகம், ஏனென்றால் அவர் குனிய வேண்டியது குறைவு. உயரமான பையன் ஒருவன் பெஞ்சில் பின்தங்கியதற்காகத் தன்னை நோஞ்சான் என்று நினைத்து ஒதுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவனைத் தரையில் கிடக்கும் கம்பியிடம் கூட்டிப்போக ஆள் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த எண்ணை முழுதாக நம்பலாம். அதே ஆள், அதே பலகை, அதே பிடி, நெஞ்சில் அதே நிறுத்தம், யாரும் கை கொடுக்காமல். ஆறு மாதத்துக்கு முன் 60, இன்றைக்கு 75 என்றால், ஏறியது நிஜமான பலம்.

நின்றால் என்ன ஆகும்?

பலத்துக்கு வேலை வருவது பெரும்பாலும் நாம் நின்றுகொண்டிருக்கும்போதுதான். பழுதான காரைத் தள்ளுவது, பீரோவை நகர்த்துவது, கபடியில் எதிராளியை நெட்டித் தள்ளுவது. அப்போது முதுகுக்குப் பின்னால் பலகை கிடையாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில்லும் மற்றவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. நின்ற நிலையில் ஒரு கையால் முன்னோக்கித் தள்ளும்போது காட்டக்கூடிய விசை, உடல் எடையில் சுமார் 41 சதவீதம்தான். 75 கிலோ ஆள் என்றால் ஏறக்குறைய 30 கிலோ. அதற்குமேல் நெஞ்சில் எவ்வளவு பலம் இருந்தாலும் ஆள் பின்னால் சாய்வார். அங்கே வரம்பு போடுவது உடம்பின் சமநிலையும், இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் எவ்வளவு இறுகிக் கட்டுகின்றன என்பதும்.

விளையாட்டு உலகம் இதைச் செலவு செய்து கற்றுக்கொண்டது. 2007-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தேர்வுக்கு முன் நடந்த உடற்தகுதிச் சோதனையில் 185 பவுண்டை, அதாவது 84 கிலோவை, எத்தனை முறை பெஞ்ச் செய்ய முடிகிறது என்று பார்த்தார்கள். கெவின் டுரான்ட் என்ற ஒல்லிப் பையனால் ஒரு முறைகூட முடியவில்லை. ஏளனமாகப் பேசியவர்கள் ஏராளம். ஆனாலும் சியாட்டில் அணி அவரை இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2014-இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. பிறகு இரண்டு சாம்பியன் பட்டங்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் முட்டி மோதித் தள்ளுவதுதான் தொழில். அங்கேயாவது பெஞ்ச் எண் பொய்க்காது என்று நினைப்போம். தேர்வு முகாமில் 225 பவுண்டை, 102 கிலோவை, விடாமல் எத்தனை முறை தூக்குகிறார்கள் என்று எண்ணுவார்கள். 1999-இல் ஜஸ்டின் எர்னஸ்ட் 51 முறை தூக்கிச் சாதனை படைத்தார். அந்த ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2018-இல் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 14 முறையோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய ஆட்டமே எதிராளியை மறித்துத் தள்ளி நிறுத்துவதுதான், அதனால் விமர்சகர்கள் பொரிந்து தள்ளினார்கள். மூன்றாவது சுற்றில்தான் அவரை எடுத்தார்கள். பிற்பாடு கான்சஸ் சிட்டி அணியோடு சூப்பர் பௌல் வென்றார். ஆள் ஆறடி எட்டங்குலம், கை நீளமோ நீளம். பெஞ்சில் அவரைக் கீழே இழுத்த அதே கைதான் களத்தில் எதிராளியை எட்ட நிறுத்தியது.

கல்லும் கைப்பிடியும்

நம் ஊரில் பலத்தை அளக்கப் பழைய முறை ஒன்று இருந்தது. தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் முன்னாலோ ஊர்ச் சாவடியிலோ இளவட்டக்கல் கிடக்கும். வழுவழுவென்று உருண்டையான கல். நூறு கிலோவைத் தாண்டும் கல்லும் உண்டு. பிடிக்க ஒரு விளிம்போ காதோ கிடையாது. குத்துக்காலிட்டு, இரண்டு கையாலும் அணைத்து, தொடைமேல் ஏற்றி, மூச்சை அடக்கி, நெஞ்சோடு உருட்டித் தோளுக்குக் கொண்டுபோய் முதுகுப் பக்கம் தள்ள வேண்டும். பிடி, தொடை, இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் வரிசையாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று தவறினாலும் கல் வயிற்றோடு நின்றுவிடும். பொங்கலை ஒட்டி இன்றைக்கும் சில ஊர்களில் போட்டி நடக்கிறது. கல்லைத் தூக்கினால்தான் பெண் என்ற பழைய வழக்கத்தை நான் கொண்டாட மாட்டேன். அது இளைஞனுக்கும் அநியாயம், பெண்ணுக்கும் அநியாயம். ஆனால் பலத்தை அளக்கும் முறை என்று பார்த்தால், பெஞ்ச் கேட்காத கேள்விகளையெல்லாம் அந்தக் கல் கேட்டது.

மருத்துவர்கள் அளக்கிற பலமும் கம்பியில் இல்லை. 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் ‘தி லான்செட்’ இதழில் வந்தது. இந்தியாவும் அதில் உண்டு. கையால் ஒரு கருவியை அழுத்தச் சொல்லிக் கைப்பிடி பலத்தை அளந்தார்கள். அது 5 கிலோ குறையக் குறைய, ஏதோ ஒரு காரணத்தால் இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. பிடி தளர்வதுதான் மரணத்துக்குக் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பு முழுவதும் தசை கரைவதைப் பிடி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது.

2019-இல் வந்த இன்னோர் ஆய்வு, அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் 1,104 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்தது. எல்லோரும் ஆண்கள். தொடக்கத்தில் நாற்பதுக்கு மேல் தண்டால் எடுத்தவர்களுக்கு, பத்துகூட எடுக்க முடியாதவர்களைவிட, மாரடைப்பு போன்ற இதய நோய்கள் 96 சதவீதம் குறைவாக வந்திருந்தன. தண்டாலும் பெஞ்ச் பிரஸ்ஸும் தள்ளும் திசையில் ஒன்றேதான். ஆனால் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்க, மீதி உடம்பு பலகைபோல் விறைத்து நிற்க வேண்டும். தோள்பட்டை எலும்பும் சுதந்திரமாக அசையும். பெஞ்சில் அது நம் எடைக்கு அடியில் சிக்கிக் கிடக்கும். நெஞ்சு அடிக்கும் அளவுக்கு முதுகுக்கு இழுக்கும் பயிற்சி செய்யாமல் இருந்தால் தோள் முன்னால் மடங்கிக் கூன் விழலாம்.

ஆபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பிக்கு அடியில் சிக்கி உயிர்விட்டவர்கள் உண்டு. ஆளில்லாத நேரத்தில் தனியாகப் பெஞ்ச் அடிப்பவர்கள் கட்டைவிரலைக் கம்பிக்கு மறுபக்கம் சுற்றிப் பிடியுங்கள், ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைக்காதீர்கள். பாதுகாப்புத் தாங்கி இல்லாத பெஞ்ச் என்றால் பிளேட்டுக்கு கிளிப் மாட்டாதீர்கள். முடியாமல் போனால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைச் சரியவிட்டுத் தப்பிக்கலாம்.

அளவுகோலுக்கு உரிய இடம்

பாராலிம்பிக்கில் பவர்லிஃப்டிங் என்றால் பெஞ்ச் பிரஸ் மட்டும்தான். போலியோ தாக்கியவர், தண்டுவடம் அடிபட்டவர், கால் இழந்தவர் எல்லோரும் ஒரே களத்தில் மோதுகிறார்கள். பிரிவு பிரிப்பது உடல் எடையை வைத்து மட்டும். 2000 சிட்னியிலிருந்து பெண்களுக்கும் போட்டி உண்டு. இங்கே தரையை ஊன்றிக் கால் உதவுவது கிடையாது. கால்கள் பலகையின் மேலேயே நீட்டிக் கிடக்கும், தேவைப்பட்டால் பட்டை போட்டுக் கட்டுவார்கள். கம்பி இறங்கி நெஞ்சில் அசையாமல் நின்று, இரண்டு கையும் சமமாக ஏறி, பூட்டி நிற்க வேண்டும். ஒரு கை சற்றே பிந்தினாலும் சிவப்பு விளக்கு எரியும். நெஞ்சும் தோளும் கையும் மட்டுமே கணக்கு, ஆகவே கணக்கு நேராக இருக்கிறது. ஈரானின் சியாமந்த் ரஹ்மான் 2016 ரியோவில் இப்படித்தான் 310 கிலோ தூக்கினார். 2020-இல், 31 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார்.

நம் நாட்டுக்கும் இதில் வரலாறு உண்டு. பஞ்சாபின் ராஜிந்தர் சிங் ரஹேலு கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோவால் பாதிக்கப்பட்டவர். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 56 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். அந்தப் பாராலிம்பிக்கில் இந்தியா வாங்கியதே இரண்டு பதக்கம், அதில் ஒன்று அவருடையது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஹரியாணாவின் சுதீர் 212 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார்.

இப்போது நம் ஜிம்முக்கு வாருங்கள். சாதாரண பெஞ்சின் அகலம் சுமார் 30 சென்டிமீட்டர். இடுப்புக்குக் கீழே கட்டுப்பாடு இல்லாத ஒருவர் அதில் படுத்தால் உருண்டு விழுவார். பாராலிம்பிக் பெஞ்ச் 2.1 மீட்டர் நீளம், உடம்பு கிடக்கும் பகுதி 61 சென்டிமீட்டர் அகலம். அதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். கட்டுவதற்கு இரண்டு பட்டைகள் வேண்டும், தரைத்தளத்தில் கொஞ்சம் இடம் வேண்டும், வாசலில் ஒரு சாய்தளம் வேண்டும். ஆனால் ஜிம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. பெஞ்ச் பிரஸ்ஸை வைத்துத் தன் பலத்தை நியாயமாக அளந்துகொள்ளக்கூடிய ஆள் படிக்கட்டின் கீழேயே நிற்க வேண்டியிருக்கிறது. ஊராட்சியும் மாநகராட்சியும் பொதுப்பணத்தில் கட்டுகிற உடற்பயிற்சிக் கூடங்களிலாவது இந்த அகலப் பலகை ஒன்று கட்டாயம் என்று உத்தரவு போடலாம். தனியார் ஜிம்காரர்கள் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை, அடுத்த பெஞ்ச் வாங்கும்போது அளவை மாற்றிச் சொன்னால் போதும்.